கடிதம் உங்களுடையது, அதிலுள்ள வரிகள் யாருடையவை?

கேள்வி: என் தாத்தா 1942-இல் பர்மாவிலிருந்து தமு, மணிப்பூர் வழியாக நடந்தே வந்தவர். கூட நடந்த நண்பர் பிறகு மதுரையிலிருந்து அவருக்கு எழுதிய கடிதங்கள் என்னிடம் உள்ளன. நண்பர் இறந்துவிட்டார். நான் எழுதும் நாவலில் அந்த வரிகளை அப்படியே சேர்க்கலாமா? 'காப்புரிமை அனுமதி' வாங்கித்தர ஒரு ஏஜென்ட் பெரிய தொகை கேட்கிறார்.

பதில்: முதலில், அந்த ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கொண்டுவந்து தருவது உங்கள் நாவலைப் பதிவு செய்த சான்றிதழைத்தான். அதற்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதுகூடக் கட்டாயமில்லை; எழுதியவுடனே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. அடுத்தவர் எழுதிய வரிக்கு அந்தச் சான்றிதழ் அனுமதி ஆகாது. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கும் சேர்த்துக் கேட்டிருப்பாரே? அதை மத்திய அரசு இலவசமாகவே தருகிறது.

சரி, நாவலுக்கு வருவோம். நடந்த சம்பவம் யாருக்கும் சொந்தமில்லை. ரங்கூனில் குண்டு விழுந்தது, மலைப்பாதை, காலரா, எல்லாவற்றையும் தாராளமாக எழுதுங்கள். ஆட்களின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

சிக்கல் கடித வரிகளில்தான். காகிதம் உங்கள் குடும்பத்துடையது. அதில் இருக்கும் எழுத்து, எழுதியவரின் வாரிசுகளுடையது. "இறந்து 60 வருஷம் ஆகிவிட்டதே" என்று பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இறந்து 60 ஆண்டில் காப்புரிமை முடிவது, எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே வெளியான எழுத்துக்குத்தான். சாகும்வரை வெளிவராத எழுத்துக்கு, அது முதன்முதலில் வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் 60 தொடங்கும். பெட்டிக்குள் கிடக்கும்வரை கணக்கே ஆரம்பிக்கவில்லை. அவர் 1950-இல் இறந்திருந்தாலும் இதே கதைதான்.

ஆகவே வாரிசுகளைக் கண்டுபிடித்து எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள். ஒரு மகன் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, எல்லாரும் போட வேண்டும். ஆளே கிடைக்கவில்லை என்றால் வணிக நீதிமன்றத்தில் உரிமம் கேட்க வழி உண்டு. ஆனால் அதற்கு முன்பு ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டுமாம்! மதுரைக்காரர் தமிழில் எழுதிய கடிதத்துக்கு வாரிசை ஆங்கிலப் பேப்பரில் தேடச் சொல்கிறது சட்டம். இதை எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ. நாவலில் வரும் இரண்டு பக்கத்துக்கு இந்த அலைச்சல் எதற்கு? செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் பாத்திரம் எழுதுவதுபோல் புதுக் கடிதமாக எழுதிவிடுங்கள்.

அப்புறம், 'ஸ்கேன்' எடுக்க என்று அசல் கடிதங்களை அந்த ஏஜென்டிடம் கொடுத்திருந்தால், இன்றைக்கே போய் வாங்கி வாருங்கள்.