மூன்று வருடம் ஆகியும் அந்தப் பெயர் ஒட்டவில்லை

கேள்வி: மூன்று வருடமாக வீட்டில் ஓர் அறையில் அட்டைப்பெட்டி செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். இப்போது இரண்டு பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஆனாலும் படிவங்களில் 'தொழில்' என்ற இடத்தில் 'குடும்பத் தலைவி' என்றே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சம்பளக்காரர்கள். யாரும் தொழில் செய்ததில்லை. பெரிதாக வளர்க்கும் ஆசையும் எனக்கில்லை. என்னைத் தொழில்முனைவோர் என்று சொல்லிக்கொள்ள மனம் எப்போது வரும்?
– ஒரு வாசகி

பதில்: இரண்டு பெண்கள் வேலை செய்வதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

நான் புத்தக பைண்டிங் பட்டறை நடத்தியவள். முதல் நான்கு வருடம் யார் கேட்டாலும் "சும்மா, கொஞ்சம் பைண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன்" என்பேன். ஒருமுறை, பெரிய ஆர்டர் கொடுத்தவர் பணம் தராமல் இழுத்தடித்தார். சனிக்கிழமை மூன்று பேருக்குக் கூலி தர வேண்டும். வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததை எடுத்து மூன்று கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்கள். என் பணம் வந்ததா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வாரம் ஒருவர் கேட்டபோது, "பைண்டிங் பட்டறை நடத்துகிறேன்" என்று வாயில் தானாக வந்தது.

ரிச்சர்ட் காண்டில்யான் என்ற பொருளியலாளரின் நூல், அவர் இறந்து சுமார் இருபது வருடம் கழித்து, 1755-ல் அச்சானது. தொழில்முனைவோரை அவர் அடையாளம் கண்ட விதம் எளிமையானது: செலவு நிச்சயம், வரவு நிச்சயமில்லை, அந்த நிலையில் வாழ்கிறவர். முதல் போடாமல் தன் உழைப்பை மட்டும் நம்பியிருந்த தண்ணீர் சுமப்பவர்களையும், கிழிந்த துணியைத் தைத்துக் கொடுக்கும் பெண்களையும்கூட அவர் அந்தக் கணக்கில் சேர்த்தார். அட்டையை வாங்கி, கூலியைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் பணத்துக்குக் காத்திருக்கும் நீங்கள் அதில் வராமல் வேறு யார் வருவார்கள்?

சரி, குடும்பம். தொழில் செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் தொழிலுக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அது ரத்தத்தில் மட்டும் வருவதல்ல. ஸ்வீடனில் தத்துப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. பெற்றவர்களின் பாதிப்பும் இருந்தது. ஆனால் வளர்த்தவர்களின் பாதிப்பு ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. பில் போடுவதையும், கடன் கேட்பதையும், ஆர்டர் தவறிப்போவதையும் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவருக்கு அதெல்லாம் சாதாரணம். நீங்கள் அதைப் பெரியவளான பிறகு தனியாகக் கற்றிருக்கிறீர்கள். உங்கள் தயக்கத்துக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். திறமைக் குறைவை நான் எங்கும் பார்க்கவில்லை.

வளர்க்கும் ஆசை இல்லாததையும் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஃபோஷார், க்ரூபர் என்ற இரு ஆய்வாளர்கள், விளையாட்டுக் கருவி நிறுவனங்களைத் தொடங்கியவர்களிடம் பேசி 2011-ல் எழுதினார்கள். சிலர் லாபத்துக்காகவும் போட்டியில் ஜெயிக்கவும் தொடங்கியிருந்தார்கள். சிலர் தங்களைப் போன்ற ஆட்டக்காரர்களுக்கு உதவும் பொருளைச் செய்யத் தொடங்கியவர்கள். இன்னும் சிலருக்கு, உலகில் ஏதோ ஒன்று மாற வேண்டும் என்பதே நோக்கம். மூன்று வகையினரும் தங்களைப் பார்த்துக்கொண்ட விதம் வேறு வேறு. முதல் வகை மட்டுமே அசல் என்று நம்பினால் உங்களைப் போன்றவர்கள் பாதிப் பேர் விடுபட்டுப் போவீர்கள்.

அப்புறம் ஒன்று. உங்களிடம் வேலை செய்யும் இருவரும் வெளியில் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? என் பட்டறைப் பெண் யாரிடமோ போனில் "எங்க முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றபோது, யாரைச் சொல்கிறாள் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.