அரசனுக்குப் பதில் ஆண்ட ஐரோப்பியப் பெண்கள் நிஜமாகவே ஆண்டார்களா?

கேள்வி: இடைக்காலத்தின் கடைசியில், சிறுவயது அரசர்களுக்காக ஐரோப்பாவில் ஆட்சி நடத்திய பெண்கள் தாங்களாகவே ஆண்டார்களா, இல்லை கணவர்கள் செய்ததற்கு இவர்கள் பெயர் வந்ததா?

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பியாக இருக்க வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேள்வியின் பின்பாதியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பிரான்சில் தம்பிக்காக ஆண்ட ஆன் என்ற அரசகுமாரியை வைத்துப் பதில் சொல்கிறேன், அதற்கு முன் என் கதை.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. கடைசி இரண்டரை வருடம் எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் இடம் காலி. சீனியர் என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். கையெழுத்துக்குக் கீழே பதவியை எழுதி, பக்கத்தில் 'பொ', அதாவது பொறுப்பு, என்று போட வேண்டும். என் கணவர் அதே பள்ளியில் கணக்கு ஆசிரியர். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து யார் வந்தாலும் என் அறையைத் தாண்டி நேராக அவரிடம் போவார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "சார்கிட்ட பேசிட்டோம் மேடம், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்பார்கள். ஒழுகும் ஓட்டுக் கட்டடத்திலிருந்து வகுப்புகளை மாற்றியது நான். புதுக் கட்டடத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்ததும் நான். திறப்பு விழாவில் முதல் மாலை சாருக்கு. அவரும் கழுத்தைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

சரி, பிரான்சுக்கு வருகிறேன். 1483 ஆகஸ்டில் அந்நாட்டு அரசர் பதினொன்றாம் லூயி இறந்தபோது மகன் எட்டாம் சார்லஸுக்கு வயது 13. பையனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மகள் ஆனுக்கும் அவர் கணவர் பியேர் த போழேவுக்கும் வந்தது. ஆனுக்கு அப்போது 22 வயது. கணவர் இருபது வயதுக்கு மேல் மூத்தவர். "பிரான்சிலேயே மடத்தனம் குறைந்த பெண்" என்று மகளைப் பற்றி லூயி சொன்னதாகச் சொல்வார்கள். அந்த மனிதர் வாயில் அதுதான் பாராட்டு.

ஆட்சிப் பொறுப்பாளர் என்ற பட்டம் ஆனுக்குச் சட்டப்படி கிடையவே கிடையாது. என் 'பொ' கூட இல்லை. 1484இல் தூர் நகரத்தில் கூடிய மூன்று வகுப்பார் (குருமார், பிரபுக்கள், பொதுமக்கள்) சபையில், அடுத்த வாரிசான ஓர்லேயான் கோமகன் லூயி ஆட்சியைக் கேட்டு மல்லுக்கு நின்றார். இவர் ஆனின் தங்கை கணவர்தான். ஆலோசனைக் குழுவில் அரசனுக்கு அடுத்த இடம் அவருக்கு, பியேருக்கு அதற்கும் கீழே, ஆனுக்கு நாற்காலியே இல்லை. ஆனால் தம்பி சார்லஸ் ஆனின் கையில் இருந்தான். பிரான்சில் பெண் முடி சூட முடியாது என்ற விதி இங்கே அவருக்கே உதவியது. பையன் செத்தால் ஆனுக்கு ஒரு லாபமும் இல்லை, ஓர்லேயானுக்கோ கிரீடம். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பார்களா?

அந்தச் சபை கேட்டபடி வரியை 15 லட்சம் லிவ்ராக (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) குறைக்க ஆன் தரப்பில் ஒப்புக்கொண்டார்கள். அப்பா காலத்தில் அது 40 லட்சத்துக்கு மேல். ஊரே வெறுத்த அப்பாவின் நாவிதர் ஒலிவியே தூக்கில் தொங்கினார். (வரி பிற்பாடு மறுபடி ஏறியது, அதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது வந்து பிடிப்பீர்கள்.) 1485இல் ஓர்லேயானின் ஆட்கள் அரசனைத் தூக்கிப் போகத் திட்டம் போட்டார்கள். ஆன் முந்திக்கொண்டு பையனைப் பாரிசிலிருந்து மோந்தார்ஜிக்குக் கொண்டுபோய்விட்டார். அதன் பின் வந்த கலகத்துக்குப் பெயரே 'பைத்தியக்காரப் போர்'. 1488 ஜூலை 28 அன்று சேந்தோபான் சண்டையில் ஓர்லேயான் பிடிபட்டு மூன்று வருடம் சிறையில் கிடந்தார். 1491இல் சார்லஸ், பிரான்சின் மேற்கு ஓரத்தில் இருந்த பிரிட்டனியின் கோமகளை மணந்துகொண்டான். தனி நாடாக இருந்த பிரிட்டனியின் கதை அங்கிருந்து மாறியது.

பியேர் பொம்மை இல்லை. குழுவில் உட்கார்ந்து உழைத்தவர். ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் 'மதாம் லா கிராந்த்', அதாவது பெரிய சீமாட்டி, என்று சொன்னது ஆனைத்தான். எனக்கு அவர்மேல் ஒரே ஒரு வருத்தம். பின்னாளில் மகள் சூசானுக்கு எழுதிய அறிவுரை நூலில் அடக்கமாக இரு, அளந்து பேசு என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. எட்டு வருடம் ஒரு நாட்டை நடத்தியவர், அதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கக் கூடாதா?

அரச சபையையும் அரசுப் பள்ளியையும் ஒப்பிடலாமா என்பவர்களுக்கு: ஒப்பிடலாம். பள்ளி அலுவலகத்தில் தலைமையாசிரியர்கள் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. பொறுப்பில் இருந்தவர்கள் பெயரை அதில் எழுத மாட்டார்கள். என் இரண்டரை வருடம் அங்கே இல்லை.  

கணவர் இதைப் படித்துவிட்டார். பியேருக்கு இன்னும் இரண்டு வரி கொடுத்திருக்கலாம் என்கிறார்.