கோச்சானதும் தோற்கிறேன்

கேள்வி: எங்கள் தோட்ட எல்லே அணியில் நல்ல பெயர் எடுத்தவன் நான். கோச்சான பிறகு தோல்வி மேல் தோல்வி. ஊரே ஏசுகிறது. விட்டுவிடலாமா, சேர்?
- ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, ஜப்பானின் சதஹாரு ஓவைத் தெரியுமா? நம் எல்லே மாதிரியே தடியால் பந்தடிக்கும் பேஸ்போலில் 868 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி) அடித்தவர். 1959-இல் யோமியுரி ஜயன்ட்ஸ் அணிக்கு வந்தபோது முதல் 26 முறையும் ஓர் அடிகூட விழவில்லை. அரகாவா என்ற கோச்தான் அவரை மாற்றினார். வலது காலைத் தூக்கிக் கொக்கு மாதிரி இடது காலில் நிற்கவைத்தார். கூரையிலிருந்து ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு வாளால் வெட்டச் சொன்னார். வேகமாக வீசினால் மட்டும் போதாது, கோடு பிசகினால் காகிதம் விலகி ஆடும், வெட்டுப்படாது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

1980-இல் ஓய்வு. அப்புறம் ஜயன்ட்ஸின் மேனேஜராக, அதாவது தலைமைக் கோச்சாக, ஐந்து பருவம், நாட்டின் சம்பியனைத் தீர்மானிக்கும் ஜப்பான் தொடர் கைக்கு வரவில்லை. 1995-இல் ஃபுகுவோகா ஹோக்ஸ் அணிக்கு மேனேஜராகப் போனார். மறு வருடம் அணி கடைசி இடம். கோபத்தில் ரசிகர்கள் அணியின் பஸ்ஸுக்கு முட்டை எறிந்தார்கள், ஓ அந்த பஸ்ஸில்தான் இருந்தார். அவர் போகவில்லை. 1999-இல் ஜப்பான் தொடரை வென்றார், 2003-இலும். 2006-இல் முதலாவது உலக பேஸ்போல் கிளாசிக் கிண்ணமும் அவர் நடத்திய ஜப்பான் அணிக்கே.

அதனால் விடாதீர்கள். அணி முழுவதையும் ஒரே நாளில் திருத்தப் பார்க்க வேண்டாம். அடிக்கத் திணறும் ஒரு பையனைத் தனியே நிறுத்தி, மூங்கில் தடியை வீசும்போது அவன் கால் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்.