தரையைத் தொடாமல் மேலே போன விமானம்: அம்மாவுக்கு என்ன சொல்வது?

கேள்வி: திருச்சியிலிருந்து திரும்பும்போது, அதிகாலையில் சிங்கப்பூர் சாங்கியில் இறங்கவிருந்த எங்கள் விமானம், ஓடுபாதை விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் பெரும் சத்தத்துடன் மறுபடி மேலே ஏறியது. சில நிமிடங்களுக்கு எந்த அறிவிப்பும் இல்லை. அப்புறம் ஒரு சுற்றுச் சுற்றிப் பத்திரமாக இறங்கினோம். 72 வயது அம்மா, இனிமேல் விமானமே ஏறமாட்டேன் என்கிறார். 'விமானி தப்பு பண்ணிட்டார், மூடி மறைக்கிறாங்க' என்று மாமா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார். நாங்கள் மயிரிழையில் தப்பினோமா? இதை யாராவது விசாரிப்பார்களா?
– வாசகி, ஈசூன்

பதில்: இல்லை, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மயிரிழையில் தப்பிய கதை இல்லை. விமானி இறங்குவதை நிறுத்திவிட்டு மேலே ஏறியிருக்கிறார். கோ-அரவுண்ட் என்பார்கள். தரையிறங்கும்போது நடந்த விபத்துகளின் அறிக்கைகளைப் படிப்பதிலேயே பல வருஷங்களைக் கழித்தவன் நான். அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, 'இவர்கள் ஏன் மேலே ஏறவில்லை?' என்பதுதான். உங்கள் விமானி ஏறிவிட்டார்.

இறங்கும் விமானம் 'நிலைபெற்று' இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது சரியான வேகம், சரியான சரிவு, சக்கரமும் இறக்கை மடிப்புகளும் இறங்கிய நிலை, எஞ்சின் தேவையான விசையில். வானம் தெளிவாக இருந்தால் 500 அடி உயரத்துக்குள்ளும், மேகமூட்டத்தில் 1,000 அடிக்குள்ளும் இதெல்லாம் சரியாகிவிட வேண்டும் என்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கு. 500 அடி என்பது நம் டக்ஸ்டன் பினாக்கிள் அடுக்குமாடிக் கட்டடத்தின் 50 மாடி உயரம். அங்கிருந்து தரையைத் தொட ஏறக்குறைய 40 விநாடிதான். அதற்குள் ஒன்று சரியில்லை என்றாலும் விவாதம் கிடையாது, ஏறிவிட வேண்டும். முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகாதது, காற்று திடீரென்று திசை மாறியது என்று வேறு காரணங்களும் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை நமக்கெல்லாம் பழக்கமானதுதானே.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவின் ஏசியானா 214 விமானத்தைப் பாருங்கள். 2013 ஜூலை 6, சான் ஃபிரான்சிஸ்கோ, தெளிவான வானம். போயிங் 777-இல் 307 பேர். சரிவைக் காட்டும் தரைக் கருவி கட்டுமான வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்ததால் கண்ணால் பார்த்தே இறக்க வேண்டிய நிலை. ஓட்டிக்கொண்டிருந்தவர் அனுபவசாலி, ஆனால் 777-க்குப் புதியவர். பக்கத்தில் பயிற்சியாளர். கருப்புப் பெட்டியிலிருந்து எடுக்கும் தரவை வரைபடமாகப் போட்டால் வேகத்துக்கு ஒரு கோடு, உயரத்துக்கு ஒரு கோடு, எஞ்சின் விசைக்கு ஒரு கோடு வரும். இந்த விமானத்தில் விசைக்கோடு அடிமட்டத்தில் படுத்தே கிடக்கிறது. 'நாட்' என்ற விமான வேக அளவில் 137-இல் நிற்க வேண்டிய வேகக்கோடு சரிந்து சரிந்து 103-க்குப் போகிறது. தானியங்கி விசைக் கட்டுப்பாடு வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தார்கள். சற்று முன்பு செய்த ஒரு தேர்வினால் அது வேகத்தைக் கவனிப்பதையே விட்டுவிட்டிருந்தது. 500 அடியிலேயே ஏறியிருக்க வேண்டும். ஏற முயன்றது 100 அடிக்கும் கீழே. வால்பகுதி கடற்சுவரில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மங்களூர் இன்னும் கிட்டத்தில் வலிக்கும். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். சரியான சரிவுக்கு ரொம்ப மேலே இருந்த விமானத்தைக் கேப்டன் அவசரமாக இறக்கினார். துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' என்றார். அது ஒலிப்பதிவில் இருக்கிறது. கேட்டிருந்தால் அவர்களும் உங்களைப் போல ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியிருப்பார்கள். 158 பேர் போய்விட்டார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

ஏறுவது எப்போதும் ஆபத்தில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். 2016-இல் ரஷ்யாவின் ரோஸ்தோவில் ஃபிளைதுபாய் விமானம் இரவில், மோசமான வானிலையில் மேலே ஏறும்போதுதான் விழுந்தது. 62 பேரும் இறந்தார்கள். எஞ்சின் முழு விசையில் உந்தும்போது, விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டது போல உடம்பு நம்மை ஏமாற்றும். அதனால்தான் விமானிகள் சிமுலேட்டரில் இதை மறுபடி மறுபடி பழகுகிறார்கள். உங்கள் விமானத்தின் அமைதிக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. அந்த நிமிடங்களில் விசை, மூக்கின் கோணம், சக்கரம், மடிப்பு, கட்டுப்பாட்டுக் கோபுரம் என்று இருவர் கையும் வாயும் நிறைந்திருக்கும். பயணிகளிடம் பேசுவது கடைசி வேலை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

சரி, விசாரணை. சாதாரண கோ-அரவுண்ட் விபத்தும் அல்ல, கடுமையான சம்பவமும் அல்ல. அதனால் அரசு விசாரணை வராது. மறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. பெரிய விமானங்களின் பறப்புத் தரவை நிறுவனங்கள் வழக்கமாக ஆராய வேண்டும் என்று சர்வதேச விதியே இருக்கிறது. காரணம் தெரிய வேண்டுமானால் விமான எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

உண்மையில் விபத்து என்றால் அது நடந்த நாடுதான் விசாரணையை நடத்தும். இங்கே நடந்தால் போக்குவரத்து அமைச்சின்கீழ் உள்ள டிஎஸ்ஐபி என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு. விமானத்தைப் பதிவு செய்த நாடு, இயக்கும் நாடு, வடிவமைத்த, தயாரித்த நாடுகளின் பிரதிநிதிகளும் சேர்ந்துகொள்வார்கள். 30 நாளில் முதற்கட்ட அறிக்கை. முடிந்தால் 12 மாதத்தில் இறுதி அறிக்கை, முடியாவிட்டால் ஆண்டுதோறும் ஓர் இடைக்கால அறிக்கை. முதற்கட்ட அறிக்கையில் என்ன நடந்தது என்று இருக்கும், ஏன் என்று பெரும்பாலும் இருக்காது. மாமாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: இந்த விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலையில்லை.

'விமானி தப்பு' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பழக்கம். 2009-இல் ஆம்ஸ்டர்டாம் அருகே துருக்கிய விமானம் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட 2,000 அடியில் பறந்தபோது ஓர் உயரமானி 'மைனஸ் 8 அடி' என்று காட்டியது. தரைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்த தானியங்கி விசைக் கட்டுப்பாடு எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டது. விமானிகள் வேகம் குறைவதைக் கவனிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போயிருந்தால் உயரமானியை யார் சரிசெய்திருப்பார்கள்? ஏசியானா அறிக்கையும் விமானிகளின் தவறுகளோடு, தானியங்கிக் கருவியின் சிக்கலையும் அதை விளக்கிய கையேட்டின் குறையையும் சேர்த்தே எழுதியது. அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் கடைசிப் பகுதிக்குத்தான் போவேன். பாதுகாப்புப் பரிந்துரைகள் அங்கேதான் இருக்கும். யார் எதை மாற்ற வேண்டும் என்று பார்த்துவிட்டு முன்பக்கம் வந்தால் எல்லாம் தெளிவாகும்.

இனி அம்மா. அவர் கையில் இருக்கும் பாதுகாப்பு சீட் பெல்ட். ஏசியானாவில் இறந்த மூவரில் இருவர் பெல்ட் போடாததால் வெளியே தூக்கி எறியப்பட்டவர்கள். போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது விசாரணையின் கருத்து. 2024 மே மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ321 விமானம் நடுவானில் குலுங்கியதை நாம் யாரும் மறக்கவில்லை. அது 4.6 விநாடியில் 178 அடி இறங்கியது. பெல்ட் போடாதவர்கள்தான் மேலே தூக்கி வீசப்பட்டார்கள். அதனால் புடவைக்கு மேலே தளர்வாக அல்ல, இடுப்பெலும்பை ஒட்டி இறுக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்த முறை அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். தரைக்குச் சில நிமிடம் முன்பு காலடியில் தட் என்று சக்கரம் இறங்கும் சத்தம் கேட்கும். அப்போது அவர் கையைப் பிடித்து, "இப்ப இறங்கப் போறோம்மா. ஒருவேளை மறுபடி மேலே போனாலும் பயப்படாதீங்க, ஒரு சுத்து சுத்திட்டு வந்து இறங்கிடுவாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.