சின்னப் பம்ப் பட்டறை பெரிய பிராண்டோடு எப்படி நிற்பது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கோவை கணபதியில் போர்வெல் மோட்டார் செய்கிறேன், பதினான்கு பேர் வேலை செய்கிற யூனிட். கேள்விகள் நிறைய வந்துவிட்டன, முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, பெரிய பிராண்டைவிட விலையைக் குறைத்தால்தானே டீலர் நம்ம பம்பை எடுப்பார்?

வேண்டாம் தம்பி. காப்பரையும் ஸ்டாம்பிங்கையும் (மோட்டாருக்குள் அடுக்குகிற இரும்புத் தகடு) டன் கணக்கில் வாங்குகிறவரோடு விலையில் மோதினால், கடைசியில் நாம் கை வைப்பது கம்பியின் கனத்தில்தான். ஒரு கோடை தாங்காது, மோட்டார் திரும்பி வரும், அப்புறம் அந்த டீலர் உங்கள் போனையே எடுக்க மாட்டார்.

கேள்வி: அப்படியென்றால் நாம் எதைத்தான் விற்பது?

பெரியவர்களால் நின்று பார்க்க முடியாததை. ஒரு உதாரணம் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளிக் கடைசியில் இருக்கிற தோட்டத்தில், எல்லோரும் மோட்டார் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் படுத்துவிடும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதே லோடை இழுக்க ஆம்பியரை ஏற்றும், சூடாகும், வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கிற காப்பர் கம்பி) போய்விடும். பொதுவான ரேட்டிங்கில் ஆயிரக்கணக்கில் அடிக்கிற ஃபேக்டரி அந்த ஒரு தோட்டத்துக்காக டிசைனை மாற்றாது. நாம் போய் மதியமும் இரவும் மீட்டர் வைத்துப் பார்க்கலாம், கம்பிச் சுற்றைக் குறைத்துக் கனமான கம்பி போட்டு, இரும்புத் தகடு அடுக்கின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். காப்பர் கூடும், விலையும் கூடும்தான். ஆனால் வருஷா வருஷம் ரீவைண்டிங்குக்குக் காசு கொடுத்து, மோட்டாரைத் தூக்கி இறக்கக் கூலியும் கொடுத்து, தண்ணீர் இல்லாமல் பயிர் வாடுவதைப் பார்த்த விவசாயி அந்தக் கூடுதல் விலைக்குப் பேரம் பேசுவதில்லை. அவருக்கு உண்மையிலேயே உதவுகிறோம், அதனால்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

கேள்வி: சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின்), பெயிண்ட் பூத் எல்லாம் லோன் போட்டு வாங்கலாமா அண்ணா?

கோவையில் இருந்துகொண்டு எதற்கு? காஸ்டிங், டர்னிங், ரோட்டார் எல்லாம் ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்குச் செய்து தருகிறவர்களிடம், பக்கத்திலேயே கிடைக்கிறது. வைண்டிங்கையும் டெஸ்டிங்கையும் மட்டும் வெளியே விடாதீர்கள், உங்கள் பெயர் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: நான் ஒரு பெரிய கம்பெனிக்கு பார்ட்ஸ் சப்ளை செய்கிறேன். பில் நான்கு மாதமாக நிற்கிறது. கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம்.

அந்தப் பயம் புரிகிறதுங்க அக்கா, நானும் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தவன்தான். முதலில் உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கு அரசு தருகிற பதிவு) இருக்கிறதா பாருங்கள், அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் போடுங்கள். 2006 எம்எஸ்எம்இ (சிறுதொழில்) சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளைத் தாண்டக்கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. அதோடு 2024 ஏப்ரலில் 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற விதி வந்தது. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வருஷம் வரை வாங்கிய கம்பெனி அதைச் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது. அதனால் பர்ச்சேஸ்காரரிடம் கெஞ்சாமல் அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மெயில் போடுங்கள், கணக்கு முடிகிற மார்ச்சுக்கு முன்னாலேயே. அரசின் எம்எஸ்எம்இ இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியிடமிருந்து வந்தால் இன்றைக்கே இரண்டாவது ஆளைத் தேட ஆரம்பியுங்கள்.

கேள்வி: சர்வீஸுக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை.

ஊர் ரீவைண்டிங் கடைக்காரரைப் பிடியுங்கள். எந்த மோட்டார் நல்லது என்று விவசாயி அவரிடம்தான் கேட்கிறார். உங்கள் வைண்டிங் டேட்டாவை, சுற்று எத்தனை, கம்பி கேஜ் (கனம்) என்ன என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள், மறைக்காதீர்கள். புஷ், த்ரஸ்ட் பேரிங் மாதிரி தேய்கிற பாகங்கள் இரண்டு செட் அவர் கடையிலேயே இருக்கட்டும், விற்ற பிறகு காசு வாங்கிக்கொள்ளலாம்.