சிமுலேட்டர் கேமில் ஒரு சின்ன புரோப்பெல்லர் விமானத்தை நாமே உருவாக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நான் புஷ்பக் செய்திருக்கிறேன். நீங்கள் இந்நேரம் பிளெண்டர் என்ற 3டி வரைகலை மென்பொருளைத் திறந்து இறக்கையை வரைய ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். உருவம் கடைசி வேலை. முதலில் விமானம் ஓடுதளத்தில் ஒழுங்காக நிற்க வேண்டும்.

புஷ்பக் தெரியாதவர்களுக்கு: பெங்களூரு ஹெச்ஏஎல் விமானத் தொழிற்சாலை தயாரித்தது, 1958-ல் முதன்முதலாகப் பறந்தது. அமெரிக்காவின் ஏரோங்கா சீஃப் விமானத்தை ஒட்டிய வடிவம். தலைக்கு மேலே இறக்கை, துணி போர்த்திய உடம்பு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட், 90 குதிரைத்திறன் கான்டினென்டல் சி90 இன்ஜின், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். நம் நாட்டு ஃபிளையிங் கிளப்புகளில் பலர் பறக்கப் பழகியது இதில்தான். செஸ்னா 172 எந்த கேமிலும் கிடைக்கும். இதைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் நான் ஏன் இதைச் செய்ய உட்கார்ந்தேன் என்று.

நான் செய்தது ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டரில். இலவசம், உள்ளே இருக்கும் எல்லா ஃபைலையும் திறந்து பார்க்கலாம். விமானம் எப்படிப் பறக்கும் என்பதை ஜேஎஸ்பிசிம் என்ற பகுதி கணக்குப் போடுகிறது. எடை, சக்கரம், இன்ஜின், காற்றுவிசை எல்லாம் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எண்களாகவே இருக்கும். ஏரோமேட்டிக் என்ற கருவியில் நீளம், அகலம், எடையைக் கொடுத்தால் ஒரு தோராயமான ஃபைலைத் துப்பும். பறக்கும், ஆனால் அது உங்கள் விமானம் இல்லை. வேலையே அதற்கப்புறம்தான்.

சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புஷ்பக்கின் முழு எடை சுமார் 1350 பவுண்ட். வாலுக்குப் போவது போக ஒவ்வொரு முன்சக்கரத்திலும் 600 பவுண்ட் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் நாலு அங்குலம் அமுங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் எண் அடிக்கு 1800 பவுண்ட். இதைக் குத்துமதிப்பாகப் போட்டால் கேம் தொடங்கியதுமே விமானம் ரன்வேயில் தவளை மாதிரி துள்ளும். அடுத்தது எடைமையம். வால்சக்கர விமானத்தில் அது முன்சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அதனால்தான் ஓடும்போது கொஞ்சம் திரும்பினாலும் வால் முன்னே வரப் பார்க்கும். நிஜ விமானத்திலும் அதே தொல்லை உண்டு. கேமில் அது வரவில்லையென்றால் எண்ணில் எங்கோ தப்பு.

இன்ஜினுக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். சி90 இன்ஜினுக்கு 90 குதிரைத்திறன் கிடைப்பது 2475 ஆர்பிஎம்மில். பிரேக் பிடித்து நின்றபடி திராட்டிலை முழுக்கத் தள்ளுங்கள். நிலையான கோணமுள்ள புரோப்பெல்லர் நின்ற இடத்தில் அந்த எண்ணைத் தொடக் கூடாது, தாழ்வாகவே நிற்க வேண்டும். தொட்டால் ஃபைலில் உள்ள புரோப்பெல்லர் அட்டவணையில் சுமை குறைவு என்று அர்த்தம். இந்த இன்ஜினில் ஸ்டார்ட்டரே கிடையாது, கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அதற்காக, புரோப்பெல்லர் மேல் கிளிக் செய்தால் அரை நொடி மட்டும் சுற்றுகிற மாதிரி நாசல் என்ற ஃபிளைட்கியரின் ஸ்கிரிப்ட் மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ ஆஃபில் இருந்தால் எத்தனை தடவை கிளிக் செய்தாலும் கிளம்பாது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கப் போவதில்லை.

"எக்ஸ்-பிளேனில் பிளேன் மேக்கர் இருக்கே, ஒரே சாயங்காலத்தில் முடியும்" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். சரி, எக்ஸ்-பிளேன் இன்னொரு சிமுலேட்டர், அதோடு வரும் விமானம் வடிவமைக்கும் கருவிதான் பிளேன் மேக்கர், நல்ல மென்பொருள்தான். இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து விசையைக் கணக்கிடுகிறது. ஆனால் அதற்கும் சரியான அளவு கொடுக்க வேண்டுமே! அளவு எங்கிருந்து வரும்?

எனக்கு வந்த கதையைச் சொல்கிறேன். ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வாசலில் பழைய புஷ்பக் ஒன்று நிற்கிறது. எந்த காலேஜ் என்று கேட்காதீர்கள். லெட்டர் கொடுத்து, வாட்ச்மேனிடம் கெஞ்சி, டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். துணி கிழிந்து உள்ளே கம்பி தெரிகிறது. அதன் மேல் காலேஜ் கலரில் எனாமல் பெயிண்ட். எல்லாவற்றுக்கும் மேல், புரோப்பெல்லரை முன்பின்னாக மாற்றி மாட்டியிருக்கிறார்கள். வளைந்த பக்கம் முன்னால் பார்க்க வேண்டும், தட்டைப் பக்கம் பைலட்டைப் பார்க்க வேண்டும். அங்கே நேர்மாறு. அந்த காலேஜில் ஏரோநாட்டிக்கல் டிபார்ட்மென்ட் இருக்கிறது, அட்மிஷன் நோட்டீஸில் இதே விமானத்தின் படம் வேறு! ஒரு சாரிடம் சொன்னேன். "பார்வைக்குத்தானே சார் வெச்சிருக்கோம்" என்றார். சில போல்ட்டுகளைக் கழற்றித் திருப்பி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறார்கள். இதெல்லாம் உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு முக்கியமான விஷயம்: ஜேஎஸ்பிசிம்மில் நீள அச்சின் எண் வாலை நோக்கிக் கூடும். ஃபிளைட்கியரிலேயே இருக்கும் இன்னொரு முறையான யாசிம்மில் மூக்கை நோக்கிக் கூடும், அதுவும் மீட்டரில். ஒன்றிலிருந்து எண்ணை எடுத்து மற்றதில் ஒட்டாதீர்கள்.

சி90 இன்ஜின் ஃபைல் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். காக்பிட்டை மட்டும் கேட்காதீர்கள், அது இன்னும் பாதியில் கிடக்கிறது.