அப்பா முயலைப் பற்றிய அந்த வரி

அன்புள்ள ஐயா,

என் ஆறு வயது மகளுக்கு இரவானால் பீட்டர் முயல் கதைதான் வேண்டும். ஆரம்பத்திலேயே, “உங்கள் அப்பாவை அந்தத் தோட்டக்காரரின் மனைவி சமைத்துவிட்டாள்” என்று அம்மா முயல் குட்டிகளை எச்சரிக்கிறது. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கிறேன். புதுப் புத்தகங்கள் எத்தனை இருந்தாலும், நூறு வருடப் பழைய இந்தக் கதைக்கே அவள் திரும்புவது ஏன்?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில், அந்த வரியை விடாதீர்கள். அது காதில் விழுந்திருந்தால்தான் பீட்டர் அந்தத் தோட்டத்துக் கதவுக்கு அடியில் நுழையும்போது குழந்தைக்குப் பக்கென்று இருக்கும். இல்லையென்றால் மிஞ்சுவது வெறும் ஓடிப்பிடித்து விளையாட்டு.

1893இல், நோயில் படுத்திருந்த ஒரு சிறுவனுக்கு பியாட்ரிக்ஸ் பாட்டர் படம் வரைந்து எழுதிய கடிதம்தான் இந்தக் கதையின் தொடக்கம். பதிப்பாளர்கள் மறுக்கவே, 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். முயல் வளர்த்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர் அவர். அது கதையில் எங்கே தெரிகிறது என்றால், தோட்டக்காரர் பீட்டரைத் துரத்தும் இடத்தில். ஒரு செருப்பு முட்டைக்கோசுக்கு நடுவே கழன்றுபோகிறது, இன்னொன்று உருளைக்கிழங்குச் செடிகளுக்குள். உடனே பீட்டர் நான்கு காலில் ஓடுகிறான், இன்னும் வேகமாக! அப்புறம் வலையில் மாட்டிக்கொள்வதும் சட்டையின் பெரிய பித்தளைப் பொத்தான்களால்தான். சட்டையை விட்டுவிட்டு நழுவினால்தான் உயிர் பிழைக்கிறான். அதுவரை சட்டை போட்ட சிறுவனாக இருந்தவன் அந்த நொடியில் முழு முயல். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிடும்.

இ.பி. ஒயிட் எழுதிய ‘ஷார்லட்ஸ் வெப்’ (1952) என்ற சிறுவர் கதையில் வரும் சிலந்தி ஷார்லட்டும் இப்படித்தான். பன்றிக்குட்டி வில்பரின் உயிரைக் காப்பாற்றும் அவள், முதல் சந்திப்பிலேயே தான் ஈயின் ரத்தம் குடிப்பதை ஒளிக்காமல் சொல்கிறாள். வில்பருக்குக் குமட்டுகிறது. அதற்காக ஒயிட் அவளைச் சாதுவாக்கிவிடவில்லை. தன் பண்ணையில் சிலந்தியைக் கவனித்துப் பார்த்தவர், பொய்யாக எழுத அவருக்கு மனம் வந்திருக்காது. கடைசியில் ஷார்லட் சாகத்தான் செய்கிறாள். முட்டைப் பையை வில்பர் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துவருகிறான்.

பழைய கதை என்பதற்காக எல்லாமே நல்லவை என்று சொல்லவில்லை. பெரியவர்களின் உபதேசத்தை ஒரு நரியின் வாயில் திணித்த கதைகள் ஏராளம். அவற்றை நீங்கள் தாராளமாகத் தாண்டலாம். குழந்தையே அவற்றை இரண்டாம் தடவை கேட்காது.

பீட்டர் ஒளிந்துகொள்ள இடம் தேடிப் பூவாளிக்குள் குதிக்கிறான். உள்ளே தண்ணீர், தும்மல் வந்துவிடுகிறது. ஒளிந்திருக்கும்போது தும்மல் வந்தால் எப்படியிருக்கும் என்று உங்கள் மகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இன்றிரவு அந்த வரியையும் சேர்த்துப் படியுங்கள். அப்பா முயலைப் பற்றிக் கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அந்தப் புது நீலச் சட்டை என்ன ஆயிற்று என்றுகூட அவள் கேட்கலாம். தோட்டக்காரர் அதைப் பறவைகளை விரட்டத் தொங்கவிட்டிருக்கும் படம் இருக்கிறது, காட்டுங்கள்.